கீழ்ப்பாதையால் வந்த மரை

ஜெம்புரூக்குக்கு அப்பால் மண் செக்கச் சிவப்பு. மழை பெய்துவிட்டால் சப்பாத்தில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. அந்த மண்ணில் நாலு ஏக்கரைப் பீட்டரும் செல்வராணியும் குத்தகைக்கு எடுத்து ஆறு வருடமாகிவிட்டது. வீடு நோபல் பார்க்கில். வான் வண்டியில் முக்கால் மணி நேர ஓட்டம். மூன்று பிளாஸ்ரிக் கூடாரங்களில் மிளகாய், கத்தரி, வெண்டி, பயத்தங்காய். வெளியே பீற்றூட்டும் கோவாவும். ஓடைக்கரை ஈரத்தில் வல்லாரை. கோடையில் சனிக்கிழமை காலைகளில் டண்டினோங் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் "பீட்டற்றை கத்தரிக்காய் வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள்.

பீட்டர் பதினெட்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் கத்தியோடு நின்றவர். குளிரறை முழங்காலைத் தின்னத் தொடங்கியதும் அதை விட்டுத் தோட்டத்துக்கு வந்தார். செல்வராணி இப்போதும் முதியோர் இல்லம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று பின்னேரம் வேலை செய்கிறாள். ஐம்பத்தொரு வயது. பாரமான ஆட்களைக் கட்டிலில் புரட்டிப் புரட்டி அவளுடைய தோள் இரண்டும் உரமேறிப்போயிருந்தன.

காணிக்கு மேலே காடு. அங்கே மரைகள் உண்டு, பெரிய காட்டு மான்கள். வேட்டைக்கென்று வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டவை, பெருகி மலையெல்லாம் நிற்கின்றன. இரவில் இறங்கி மேய்ந்துவிட்டு விடியும்போது காட்டுக்கு ஏறிவிடும். ஒரு பெண் மரையும் கன்றும் வருடக்கணக்காக அப்படி வந்து போயின. கோவாவில் நாலைந்து இலை போகும், அவ்வளவுதான். பிறகு ஒரு கொம்பன் வரத் தொடங்கியது. குதிரை உயரம். கழுத்து மயிர் சிலிர்த்து நிற்கும். அது கூடாரத்தின் பிளாஸ்ரிக்கைக் கொம்பால் கிழித்து உள்ளே போகப் பழகிக்கொண்டது. ஒருமுறை கண்ட ருசியை அது விடவில்லை. ஒரே கிழமையில், ஏழே நாளில், அறுநூறு மிளகாய்க் கண்டு போயிற்று.

பீட்டர் சும்மா இருப்பாரா? ரேடியோ கட்டினார். வெளிச்சம் போட்டார். தகர டப்பாக்களைக் கம்பியில் தொங்கவிட்டார். கொம்பன் தன் பாதையை மாற்றிக்கொண்டது. ஓடைப்பக்கமாக ஏறாமல், கிழக்கே சுற்றி, தார் றோட்டின் வளைவைக் கடந்து வரத் தொடங்கியது. ஏப்ரலில் ஒரு காலை, பனிப்புகாருக்குள் அந்த வளைவில் வான் திரும்பியபோது குறுக்கே பாய்ந்தது. வான் மரத்தில் மோதியது. பீட்டரின் வலத்தோள் எலும்பு மூன்றாக உடைந்தது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

காணிக்காரி ஷெரில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாள். அறுபது வயதுக்காரி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த மூன்று குதிரைகளை வைத்துப் பராமரிப்பவள். பூ கொண்டுவந்தாள். கூடவே ஒரு செய்தியும் சொன்னாள். அதே வளைவால்தான் பள்ளிக்கூட பஸ் போகிறது. மரை அங்கே வருவது நிற்காவிட்டால், ஒக்டோபர் முடிவில் குத்தகையை அவள் புதுப்பிக்கமாட்டாள். துவக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துக் காணியில் யாரோ சுட்ட வெடிக்கு வெருண்டோடி ஒரு குதிரை கம்பிவேலியில் செத்ததை அவள் மறக்கவில்லை.

"சரி, விடுவம்," என்றார் பீட்டர் கட்டிலில் படுத்தபடி. "தோட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

செல்வராணி அவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள்.

"அது போற வழியை நாங்கள் மாத்தினபடியால்தானே அது றோட்டுக்கு வந்தது?"

"அதுக்கு?"

"அதின்ரை பழைய வழியை அதுக்குத் திருப்பிக் குடுப்பம். வரட்டும். வாற வழியில நான் நிக்கிறன்."

"என்னத்தோட நிப்பீர்? அகப்பையோடயோ?"

"வில்லோட," என்றாள் செல்வராணி.

அவளிடம் ஒரு வில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், முதியோர் இல்ல ஊழியர்களை ஒரு நாள் வில் கிளப்புக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் சிரித்துப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவள் அடுத்த ஞாயிறும் போனாள். தேவாலயத்தில் பூசை முடிந்து சேலையோடு போய், அங்கே உடுப்பு மாற்றிக்கொண்டு எய்வாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

கிளப்பில் அவளுக்கு ஒரே தமிழ்த் துணை ஹரிப்பிரியா. கோயம்புத்தூர்ப் பெண், கணினி வேலை, கிரெய்கிபர்னிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருகிறவள்.

"அக்கா, கடமானா? வில்லுலயா?" என்றாள் ஹரிப்பிரியா. "உங்க வில்லோட இழுப்பு இருபத்தெட்டு பவுண்டு. சட்டப்படி இதுக்கு ஐம்பது வேணும். லைசென்ஸ் வேற எடுக்கணும்."

"எடுப்பம்."

"ஐம்பதை இழுப்பீங்களா?"

"ஆள் தூக்குற வேலைதானே பிள்ளை நான் செய்யிறன். மெல்ல மெல்ல ஏத்துவம்."

குளிர்காலம் முழுக்க ஏற்றினாள். இரு நுனியிலும் சக்கரம் வைத்த வில் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். ஜூனில் முப்பத்தைந்து இறாத்தல். ஜூலையில் நாற்பத்திரண்டு. வேலைக்குப் போகுமுன் கராஜுக்குள் நின்று நூறு தடவை இழுத்து, பிடித்து, மெல்ல விடுவாள். பீட்டர் வலக்கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் பகிடி பண்ணினார். ஓகஸ்டில் ஐம்பத்திரண்டைத் தொட்டபோது அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். "தொண்ணூற்றெட்டு... இன்னும் ரெண்டு, ராணி."

பதினெட்டு மீற்றரில் பத்து அம்பும் ஒரு தேநீர்ப் பீரிசுத் தட்டின் அகலத்துக்குள் விழுந்தன. இருபத்தைந்தில் அப்படி விழவில்லை. ஆகவே அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்: இருபதுக்கு அப்பால் எய்வதில்லை. காயத்தோடு ஓடவிடுவதில்லை.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. ரேடியோவையும் டப்பாக்களையும் அவிழ்த்து ஐந்து மாதமாகியிருந்தது. பெண் மரையும் கன்றும் பழைய ஓடைப்பாதைக்குத் திரும்பியிருந்தன. செப்டெம்பர் தொடக்கத்தில் கொம்பனின் அடியும் அங்கே விழுந்தது. ஆனால் காட்டுக்குத் திரும்பும் பக்கம் அந்தப் பாதை வேலிக்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரிந்தது. குளிர்காலப் புயலில் பெரிய யூக்கலிப்டஸ் ஒன்று விழுந்து கீழ்ப்பாதையைக் கிளைகளால் அடைத்திருந்தது. மரைகள் எல்லாம் மேல்பாதையால் சுற்றிப் போயின. மறைந்து நிற்க அவள் கண்டுவைத்த பிளாக்வுட் மரத்திலிருந்து மேல்பாதைக்கு ஐம்பத்தைந்து மீற்றர். கீழ்ப்பாதைக்குப் பதினேழு.

"அப்ப மேல்பாதைக்குக் கிட்டப் போய் நிண்டால் என்ன?" என்றார் பீட்டர்.

"விடியக் காத்தாலை குளிர்க்காத்து மலையால கீழ இறங்கும். மேல நிண்டால் என்ரை மணம் முழுக்க அதின்ரை மூக்குக்குப் போகும். நான் கீழதான் நிக்கவேணும். அதுவாக் கிட்ட வரவேணும்."

காற்றை அவள் குழந்தைப் பவுடரால் பார்த்தாள். போத்தலைப் பிதுக்கினால் வெண்புகை மெல்ல ஓடைப்பக்கம் சரிந்துபோகும். ஒவ்வொரு காலையும் குறித்துவைத்தாள். சூரியன் மலையில் ஏறியதும் காற்று திரும்பிவிடும். அதற்குமுன் ஒரு முக்கால் மணி நேரம்தான் அவளுடையது.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். உடுப்பை அப்பச்சோடாவில் தோய்த்து, தோட்டக் கொட்டிலில் பெரணி இலைகளுக்குள் வைத்தாள். காணிக்குள் போகும்போது புல்லில் நடப்பதில்லை. ஓடைத் தண்ணீருக்குள் றப்பர் சப்பாத்தோடு நடந்துபோய், மரத்தடியில் ஏறிக்கொள்வாள். வந்த வழியாலேயே இறங்குவாள். பாதையை ஒருநாளும் மிதிக்கவில்லை.

இப்படி மூன்று கிழமை. கொம்பன் மேல்பாதையால் போய்க்கொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பத்தைந்து மீற்றரில் அது நின்று காது மடக்குவதைக்கூடக் கண்டாள். வில்லைத் தூக்கவில்லை.

பீட்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம், அவள் வேலைக்குப் போன நேரத்தில், தெரிந்தவர் ஒருவரின் காரில் காணிக்குப் போய், பக்கத்துப் பழத்தோட்டத்தில் கழித்த அப்பிள்களை இரண்டு வாளி வாங்கி, ஒற்றைக் கையால் தள்ளுவண்டியில் கொண்டுபோய் பிளாக்வுட் மரத்துக்கு முன்னால், விழுந்த யூக்கலிப்டஸின் கிளைகளுக்கு அந்தப் பக்கம், கொட்டிவிட்டு வந்தார். நல்லெண்ணம்தான்.

ஒன்பது நாள் ஒரு மரையும் வரவில்லை. பத்தாம் நாள் ஷெரில் வந்தாள். றோட்டு வளைவில் பஸ் சாரதி சடாரென்று பிரேக் போட்டிருக்கிறான். பெரிய கொம்பு, மயிரிழையில் தப்பினது என்றாள். பிள்ளை ஒன்றுக்கு நெற்றியில் வீக்கம். மாத முடிவுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் செல்வராணிக்குப் பயமாக இருந்தது.

விழுந்த மரத்தை ஓடையால் சுற்றிப்போய், அந்தப் பக்கம் அழுகிய அப்பிள்களைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வானுக்குள், பீட்டருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"நீங்களோ?"

"இழுத்து வரும் எண்டு நினைச்சன்."

"ஒரு நாளும் இல்லாத இடத்தில ஒரு நாளும் இல்லாத சாமான். சுத்திவர உங்கடை கால்மணம், கைமணம். அது என்ன விசரா வாறதுக்கு?"

"நான் உதவி செய்யத்தானே..."

"ஆறு மாதம், பீட்டர்!" அவள் கணவனின் பெயரைச் சொன்னது அவருக்குத் தெரிந்து அது இரண்டாவது தடவை. "ஒரு பிள்ளைக்கு நெத்தி வீங்கியிருக்கு."

பீட்டர் யன்னல் பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வந்து, அவள் மீன் பொரித்து, சோற்றில் குழம்பு ஊற்றிக் கொடுத்தபோது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் நீர் போறீர். நான் கதிரையில இருக்கிறன். என்னால ஏலாமல் இருக்கு, ராணி."

அவள் அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "அப்ப நாளைக்கு வாங்கோ. வேலை இருக்கு. ஆனா நான் சொல்லுற மாதிரித்தான்."

யோசித்துக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மரைக்கு எதையும் வைக்கத் தேவையில்லை. அது போகிற போக்கில் எது சுகமோ அதால்தான் போகும். மேல்பாதை செங்குத்து. கீழ்ப்பாதை சமதரை, பழைய வழி. அடைபட்டதால்தான் அதை விட்டது. அடைப்பை எடுத்தால் போதும்.

மழை பெய்யும் மத்தியானங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மரைகள் மேலே காட்டுக்குள் படுத்திருக்கும் நேரம். மனித மணத்தை மழை கழுவிவிடும். கைவாளால் கிளை கிளையாக அறுத்தாள். மோட்டார் வாள் இல்லை, சத்தமில்லை. பீட்டர் ஓடைக்குள் நின்றபடி இடக்கையால் கிளைகளை வாங்கி இழுத்து, தண்ணீர் வழியே கீழே கொண்டுபோனார். வாள்தூளைக்கூட வாளியில் அள்ளினார்கள். வேலியில் கீழ்ப்பாதை கடக்கும் இடத்தில் மேல் கம்பி இரண்டையும் கழற்றி முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினாள். குளிரில் பீட்டரின் உதடு நீலமாகிவிட்டது. பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"தோள் நோகுதோ?"

"நோகுது. பறவாயில்லை. வாளை இழும்."

நாலு மழை நாள். பிறகு ஒரு கிழமை இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

எட்டாம் நாள் ஓடைக்குள்ளால் போய்ப் பார்த்தாள். கீழ்ப்பாதைச் சேற்றில் பெண் மரையின் அடி. பக்கத்தில் கன்றின் சின்ன அடி. இன்னும் இரண்டு நாள் கழித்து, அவற்றின் மேலே, அவளுடைய உள்ளங்கை நிறையும் அகலத்தில் கொம்பனின் குளம்பு.

ஒக்டோபர் இருபத்தாறு, ஞாயிறு. ஐந்து மணிக்கு ஓடையில் இறங்கினாள். தண்ணீர் சப்பாத்துக்கு மேலே கடித்தது. மரத்தடியில் ஏறி, பெரணிகளுக்குப் பின்னால் நின்று, அம்பை நாணில் கோத்தாள். கீழே கொட்டிலில் பீட்டரும் ஹரிப்பிரியாவும். கதவைத் திறக்கவே கூடாது என்பது கட்டளை.

வெளிச்சம் மெல்ல வந்தது. சட்டப்படி எய்யலாம் என்ற நேரமும் வந்தது. பவுடரைப் பிதுக்கினாள். புகை ஓடைப்பக்கம் சரிந்தது. மக்பைக் குருவி ஒன்று பாடத் தொடங்கியது.

முதலில் பெண் மரை. வேலியின் தாழ்ந்த கம்பியை ஒரு காலைத் தூக்கிச் சாதாரணமாகக் கடந்தது. கன்று துள்ளியது. இரண்டும் அவளுக்கு முன்னால் நடந்துபோயின. பெண் மரையின் மூச்சு புகையாக வருவது தெரிந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய இதயம் அடிப்பது அதற்குக் கேட்டுவிடும் என்று நினைத்தாள்.

அவை மறைந்தன. இரண்டு நிமிடம். ஐந்து. மலையின் உச்சி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் காற்று திரும்பிவிடும்.

கம்பி கிறீச்சிட்டது.

கொம்பன் வேலிக்குள் நின்றது. மேல்பாதையைப் பார்த்தது. கீழ்ப்பாதையைப் பார்த்தது. மூக்கைத் தாழ்த்திப் பெண் மரையின் அடியை மணந்தது. பிறகு, தன் வீட்டு வாசலால் போகிறவனைப் போல, சாவதானமாகக் கீழ்ப்பாதையில் நடந்துவந்தது.

யூக்கலிப்டஸின் பருத்த அடிமரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்த கணத்தில் அவள் இழுத்தாள். ஐம்பத்திரண்டு இறாத்தலும் ஓசையில்லாமல் வந்தது. தலை வெளியே வந்தது. கழுத்து வந்தது. தோள். அவள் பொறுத்தாள். முன்கால் முன்னுக்குப் போகட்டும். போயிற்று. தோளுக்குப் பின்னால் தோலின் சுருக்கம் ஒன்று விரிந்தது. விட்டாள்.

'தப்' என்ற சத்தம், ஈரத் துணியை அடித்ததுபோல. கொம்பன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, கல்லில் குளம்பு உரச ஓடைப்பக்கம் இறங்கியது. கிளைகள் முறிந்தன. பிறகு ஒன்றுமில்லை.

செல்வராணி சிலுவைக் குறி போட்டாள். மரத்தடியில் குந்தினாள். இருந்த இடத்திலேயே இருந்தாள். அரை மணி நேரம் அசையக்கூடாது என்று படித்திருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருந்தாள். அழுகை வந்தது. அழுதாள். முடிந்ததும் எழும்பினாள்.

கொட்டிலுக்கு வந்தபோது பீட்டர் கண்ணால் கேட்டார்.

"பட்டது," என்றாள்.

மூவரும் ஓடை வழியே ஏறினார்கள். ஹரிப்பிரியாதான் முதல் இரத்தத்தைக் கண்டாள். இலையில் நுரைத்த சிவப்பு.

"நுரை இருக்கு அக்கா! நுரையீரல்! அக்கா, நேரா நுரையீரல்!"

அறுபது மீற்றர்கூட இல்லை. ஓடைக்கரையில் சரிந்து கிடந்தது. கிட்டப்போய்ப் பார்த்தபோது அது நினைத்ததைவிடப் பெரியது. செல்வராணி முழங்காலில் இருந்து அதன் கழுத்தில் கை வைத்தாள். இன்னும் சூடு.

"கன தூரம் ஓடேல்ல," என்றாள். "நோகாமல் போயிருக்கும், என்னப்பா?"

"நோகாமல்தான் போயிருக்கு." பீட்டர் அம்பு பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "சுத்தமான அடி, ராணி. பதினெட்டு வருசத்தில நான் இப்பிடிச் சுத்தமாப் பார்க்கேல்ல."

பிறகு அவருடைய நேரம். பையிலிருந்து பழைய கத்திகளை எடுத்தார். வலக்கை தோளுக்கு மேலே போகாது. தோளுக்குக் கீழே இருக்கும் வேலைக்கு அது போதும் என்றார். தார்ப்பாய் விரித்தார்கள். தோலை உரித்து, தொடையைப் பிரித்து, முதுகிறைச்சியை நீளமாக எடுத்தார். ஹரிப்பிரியா பிடித்தாள், செல்வராணி சுமந்தாள்.

"சார், பட்டர் வெட்டற மாதிரி வெட்டறீங்க," என்றாள் ஹரிப்பிரியா.

"இதுக்கெல்லாம் பெரிய கத்தி தேவையில்லை, தங்கச்சி. மூட்டு எங்க இருக்கெண்டு தெரிஞ்சால் சரி. ஊண்டிப் பிடியும்... ஓம், அப்பிடி."

ஆறு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதை செல்வராணி கேட்கவில்லை. குடலையும் எலும்பையும் பாதைப்பக்கம் ஒரு துளியும் விழாமல் ஓடை வழியே வாளிகளில் இறக்கி, வானில் ஏற்றினார்கள். இரத்தம் விழுந்த இலைகளையும் பொறுக்கினார்கள். மதியம் கடந்துவிட்டது. ஒருவருக்கும் பசி தெரியவில்லை.

அன்று பின்னேரம் நோபல் பார்க் வீட்டுக் கொல்லையில் பெரிய சட்டி ஏறியது. வறுத்த தூள், இஞ்சி, உள்ளி, ரம்பை, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். இறைச்சி வேக இரண்டரை மணி நேரம். தெரு முழுக்க மணந்தது. அயல்வீட்டு வியட்நாம்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு சட்டி. முதியோர் இல்லத்துத் தோழிகளுக்கு, கிளப் ஆட்களுக்கு, கோயில் பாதிரியாருக்கு என்று பொட்டலம் பொட்டலமாகப் போனது. விற்கக்கூடாது என்பது சட்டம். கொடுப்பதற்குத் தடையில்லை. ஹரிப்பிரியா பாண் துண்டைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுத் தொட்டு மூன்றாம் தரம் சாப்பிட்டாள்.

"எங்க ஊர்ல இப்படி ஒரு கொழம்பு வெச்சா கல்யாண மண்டபமே காலியாயிடும் அக்கா."

"சாப்பிடும், சாப்பிடும். பங்காளி நீர்."

பீட்டர் வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார். அப்பிள் கொட்டியதையும் மறைக்கவில்லை. "அது என்ரை முட்டாள் வேலை," என்று சொல்லிவிட்டு, உடனே, "ஆனா அடைப்பு எடுத்தது ரெண்டு பேருமா," என்பார். சபை சிரிக்கும். செல்வராணி அகப்பையோடு நின்று, "போதும் விடுங்கோப்பா," என்பாள். ஆனால் அடுத்தவர் வரும்போது அவளும் கிட்ட வந்து நின்று கேட்பாள்.

ஷெரில் புதன்கிழமை தோட்டத்துக்கு வந்தாள். ஓடைக்கரையை நடந்து பார்த்தாள். குதிரைகளுக்குக்கூடக் கேட்கவில்லையே என்றாள். கையோடு கொண்டுவந்த குத்தகைத் தாளில் மூன்று வருடம் என்று போட்டிருந்தது. போன தடவைகளில் ஒவ்வொரு வருடமாகத்தான் போடுவாள். செல்வராணி அதை வானின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்திட்டாள். மண் கையால் தாளின் ஓரம் சிவந்துவிட்டது. ஷெரில் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

ஆனாலும் அவளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை இரத்தத்துக்குப் பிறகு மற்ற இரண்டும் வழியை மாற்றியிருந்தால்? மறுபடி றோட்டுப் பக்கம் போயிருந்தால்? அதற்காகத்தான் அடுத்த சனிக்கிழமை விடியவே இருவரும் வந்து, தைத்துச் சீராக்கிய கூடாரத்துக்குள் மிளகாய்க் கண்டு நடத் தொடங்கினார்கள். ஒரு கண் கண்டில், ஒரு கண் வெளியே.

ஆறரைக்குப் பீட்டர் அவளுடைய முழங்கையைத் தொட்டார்.

பெண் மரை கோவாப் பாத்தியின் ஓரத்தால் வந்துகொண்டிருந்தது. ஓர் இலையைக் கடித்தது, மென்றது, நடந்தது. கன்று பின்னால். வேலியில் தாழ்ந்த கம்பியைக் கடந்தன. பிளாக்வுட் மரத்துக்கு முன்னால், கீழ்ப்பாதையால், ஓர் அடி விலகாமல், ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் ஏறிப் போயின.

செல்வராணி மண் அப்பிய இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களோ?"

"பாத்தன், பாத்தன்," என்றார் பீட்டர். "அரை கோவாவும் போச்சு."

"போகட்டும்," என்றாள் செல்வராணி. "அதுகளுக்கெண்டு ஒரு வரிசை கூட நடுவம்."